கடலோர வீட்டுப் பட்டறைக்கு பெஞ்ச் டிரில் வாங்குவது எப்படி?

கை டிரில்லை வைத்து ஓரளவுக்குத்தான் காலம் தள்ள முடியும். வள்ளத்துக்கு ஒரு பிராக்கெட், கேட்டுக்கு ஒரு கீல், மோட்டார் ஸ்டாண்டுக்கு நாலு போல்ட் ஓட்டை என்று வேலை வரும்போது ஓட்டை செங்குத்தாக இறங்க வேண்டும். நாலும் எதிரே வரும் உலோகப் பட்டியின் ஓட்டைகளோடு பொருந்த வேண்டும். அதற்கு மேசையில் முடுக்கி நிறுத்தும் பெஞ்ச் டிரில்தான் சரி. வாங்கலாம் என்று இறங்கினால் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். எனக்குக் கிடைத்த யோசனைகளில் பாதி, கடல் காற்றே படாத ஊர்களுக்குப் பொருந்துபவை. அவற்றை நம்பி நிறைய அலைந்தேன். ராமநாதபுரம் கரையில் தொண்டியில் தொடங்கி தேவிபட்டினம், மண்டபம், ராமேஸ்வரம், கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் வரை இருப்பவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நம் கரையில் மூன்று விஷயம் வேறு. இங்கே இரும்பைவிட ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில்தான் ஓட்டை அதிகம் போடுவோம், ஏனென்றால் இரும்பு நிற்காது. உப்புக் காற்று மெஷினையே தின்னும். பழுதானால் பக்கத்தில் சர்வீஸ் இல்லை, மதுரைக்குத்தான் போக வேண்டும். வாங்கும்போது எடுக்கிற ஒவ்வொரு முடிவும் இந்த மூன்றையும் ஒட்டியே இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன்னால் கடைக்காரரிடம் கேட்க வேண்டியது: “அண்ணே, இதுல குறைஞ்ச ஸ்பீடு எவ்வளவு?”

1. முதலில் உங்கள் ஓட்டைகளை எழுதுங்கள்

ஒரு தாளில் மூன்று வரி எழுதினால் போதும். எந்த உலோகம் அல்லது மரம், அதிகபட்சம் எத்தனை மில்லிமீட்டர் ஓட்டை, பொருளின் ஓரத்திலிருந்து எவ்வளவு தள்ளி ஓட்டை விழ வேண்டும். இந்த மூன்றும் தெரியாமல் கடைக்குப் போனால் அங்கே இருப்பதைத்தான் தலையில் கட்டுவார்கள்.

நம் பக்கத்து வீட்டுப் பட்டறை வேலையில் பெரும்பாலும் 6, 8, 10 மி.மீ. ஓட்டைகள் வரும். எப்போதாவது 12 வரும். அதற்கு 13 மி.மீ. சக் (பிட்டைக் கவ்விப் பிடிக்கும் பகுதி) உள்ள மெஷின் தாராளம். 20 மி.மீ., 25 மி.மீ. வேலை வருடத்துக்கு ஒன்றிரண்டு வந்தால் லேத் பட்டறையில் கொடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்காகத் தரையில் நிற்கும் பெரிய பில்லர் டிரில் வாங்கி இடத்தை அடைக்க வேண்டியதில்லை.

2. வேகக் கணக்கு

வாங்குபவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பிட்டின் வெட்டும் முனை உலோகத்தின் மேல் ஓடும் வேகத்துக்கு ஒரு வரம்பு உண்டு. சாதாரண ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுக்கு, மைல்ட் ஸ்டீலில், அதாவது சாதாரண இரும்பில், நிமிடத்துக்கு சுமார் 25 மீட்டர், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் சுமார் 12 மீட்டர். இதை மனக்கணக்காகப் போட ஒரு சுருக்கு வழி இருக்கிறது. மைல்ட் ஸ்டீல் என்றால் 8000-ஐ பிட்டின் மி.மீ. அளவால் வகுங்கள், ஸ்டெயின்லெஸ் என்றால் 4000-ஐ வகுங்கள். வருவதுதான் ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது. 10 மி.மீ. பிட்டுக்கு மைல்ட் ஸ்டீலில் 800, ஸ்டெயின்லெஸ்ஸில் 400. 13 மி.மீ. பிட்டுக்கு ஸ்டெயின்லெஸ்ஸில் 300 சொச்சம். அலுமினியத்துக்கு 20,000-ஐ வகுக்கலாம். மரத்துக்கு இவ்வளவு கணக்கு வேண்டாம், வேகமாகவே ஓட்டலாம்.

இப்போது கடையில் இருக்கும் மெஷினைப் பாருங்கள். 350 வாட், ஐந்து வேகம், அழகான பெயிண்ட் என்று விற்கும் சிறிய மெஷின்களில் குறைந்த வேகமே பெரும்பாலும் 500, 600-க்குப் பக்கத்தில்தான் இருக்கும். 580 என்று வைத்துக்கொண்டால் மைல்ட் ஸ்டீலில் 13 மி.மீ. வரை சமாளிக்கும். ஸ்டெயின்லெஸ்ஸில் 4000-ஐ 580-ஆல் வகுத்தால் 7 மி.மீ.கூட வராது. அதாவது, சக்கில் 13 மி.மீ. பிட் மாட்ட முடியும், ஆனால் நமக்கு வேண்டிய உலோகத்தில் அந்த ஓட்டையைப் போட முடியாது.

மீறிப் போட்டால் பிட் முனை சூடேறி நீலமாகிவிடும். அது மட்டுமென்றால் பிட்டைச் சாணை பிடித்துக்கொள்ளலாம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு இன்னொரு குணம் உண்டு: வெட்டாமல் தேய்த்தால் அந்த இடமே இறுகிவிடும். இறுகிய இடத்தில் புதுப் பிட்கூட வழுக்கும். ஓட்டை பாதியில் நிற்க, பட்டி வீணாகும்.

ஆகவே, குறைந்த வேகம் 300-க்குப் பக்கத்தில் இருக்கும் மெஷினைத் தேடுங்கள். எப்படிக் கண்டுபிடிப்பது? மேல் மூடியைத் திறந்தால் உள்ளே புல்லிகள் தெரியும். முன்னால் ஒன்று, பின்னால் மோட்டாரில் ஒன்று என்று இரண்டு மட்டும் இருந்தால் பொதுவாக வேகம் அதிகம். நடுவில் மூன்றாவது புல்லி இருந்தால் 300-க்கும் கீழே இறங்க வாய்ப்பு உண்டு. மூடியின் உட்புறம் வேக அட்டவணை ஒட்டியிருப்பார்கள். அதை நம்பவில்லையென்றால் ஒரு ஸ்கேலை எடுத்து அளந்துவிடுங்கள். மோட்டார் 1440 ஆர்.பி.எம்., மோட்டார் புல்லி 50 மி.மீ., ஸ்பிண்டில் (சக்கைச் சுற்றும் தண்டு) புல்லி 125 மி.மீ. என்றால் 1440 பெருக்கல் 50 வகுத்தல் 125, விடை 576.

ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி ஒன்றை மாட்டி வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெபாசிட்டர் வைத்த சிங்கிள் பேஸ் மோட்டார் அதைத் தாங்காது. இழுவை போய், சூடேறி, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் எரிந்துவிடும்.

3. மற்ற அளவுகள்

சக்கின் நடுவுக்கும் பின்னால் நிற்கும் தூணுக்கும் இடையே உள்ள தூரம் முக்கியம். சில கம்பெனிகள் அதை இரண்டால் பெருக்கி எழுதுவார்கள். 250 என்று அட்டையில் இருந்தால் உண்மையான இடைவெளி 125 மி.மீ.யாக இருக்கலாம். பட்டியல் விவரத்தை விட்டுவிட்டு டேப்பை வைத்து அளந்துகொள்ளுங்கள்.

கைப்பிடியைச் சுற்றினால் ஸ்பிண்டில் கீழே இறங்கும் தூரம் சிறிய மெஷின்களில் 50 மி.மீ. அளவுக்குத்தான் இருக்கும். உலோகப் பட்டிக்கு அது போதும். படகு மரத்தில், தேக்குச் சட்டத்தில் வேலை செய்பவர்கள் 75 அல்லது 80 மி.மீ. இறங்குவதாகப் பாருங்கள்.

டேபிள் வார்ப்பிரும்பாக இருக்க வேண்டும். தகட்டில் மடித்த டேபிள் அழுத்தினால் வளையும். டேபிளை ஏற்றி இறக்கப் பல்சட்டமும் கைப்பிடியும் இருந்தால் நிம்மதி. போல்ட்டைத் தளர்த்திக் கையால் தூக்கும் வகையில், ஒவ்வொரு முறை உயரம் மாற்றும்போதும் டேபிள் பக்கவாட்டில் திரும்பிவிடும், மறுபடி சென்டர் பிடிக்க வேண்டும். டேபிளில் மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் நீள்துளைகள் இருக்கிறதா என்றும் பாருங்கள், பொருளைக் கவ்விப் பிடிக்கும் வைஸை போல்ட் போட்டு முடுக்க அவை வேண்டும்.

எடையைக் கேளுங்கள். 15, 20 கிலோ மெஷின் ஒன்றும், 40 கிலோவுக்கு மேல் உள்ள மெஷின் ஒன்றும் ஒரே விலைக்கு வந்தால் யோசிக்காமல் கனமானதை எடுங்கள்.

பெல்ட்டைப் பாருங்கள். மேல் அகலம் 13 மி.மீ. உள்ள ஏ-செக்‌ஷன் வி-பெல்ட் என்றால் ராமநாதபுரத்திலேயே கிடைக்கும். தையல் மெஷின் பெல்ட் மாதிரி ஒல்லியாக, அந்தக் கம்பெனிக்கு மட்டும் உரிய அளவில் இருந்தால் அறுந்த அன்றோடு மெஷின் நின்றுவிடும். வாங்கும்போதே பெல்ட்டின் மேல் அச்சடித்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஒரு உபரி பெல்ட்டும் வாங்கிவிடுங்கள்.

4. மோட்டாரும் கரண்டும்

13 மி.மீ. வேலைக்கு அரை ஹெச்.பி. போதும். ஒரு ஹெச்.பி. இருந்தால் நல்லதுதான், ஆனால் வேகம் இறங்காத ஒரு ஹெச்.பி.யைவிட 300-க்கு இறங்கும் அரை ஹெச்.பி. நமக்கு உபயோகம். இண்டக்‌ஷன் மோட்டாராக இருக்கட்டும். கார்பன் பிரஷ் வைத்த மோட்டார் சத்தமும் போடும், உப்பிலும் சீக்கிரம் போகும். மோட்டாரின் உடம்பில் காற்றுத் துளைகள் இருந்தால் உள்ளே உப்பு ஏறும். முழுக்க மூடி, வெளியே விசிறி வைத்த மோட்டாரை எடுங்கள்.

அரை ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது நாலு ஆம்பியருக்குள்தான் எடுக்கும். கிளம்பும்போது அதைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். அதனால் 16 ஆம்பியர் பிளக், 2.5 சதுர மி.மீ. ஒயர், தனி எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் விழும் சுவிட்ச்), 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் விழும் சுவிட்ச்) வைத்துக்கொள்ளுங்கள். எர்த்தை எலக்ட்ரீஷியனை வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். நம் உப்பு மண்ணில் புதைத்த ஜி.ஐ. பைப் அரித்துப்போய், வீட்டில் எர்த் இருப்பதாக நினைத்துக்கொண்டிருப்போம், இருக்காது.

சுவிட்சில் ஒரு சோதனை கட்டாயம். மெஷின் ஓடும்போது பிளக் சுவிட்சை அணைத்து மறுபடி போடுங்கள். தானாக ஓடத் தொடங்கினால் அந்த சுவிட்சை மாற்ற வேண்டும். கரண்ட் போய்த் திரும்பும்போது உங்கள் கை சக் பக்கத்தில் இருக்கலாம். நோ-வோல்ட் சுவிட்ச் என்று கேட்டால் எலக்ட்ரிக் கடையில் தருவார்கள்.

இன்னொன்று. வீட்டு மின் இணைப்பில் சொந்த வேலை செய்யலாம். கூலிக்குச் செய்யத் தொடங்கினால் ஈ.பி. ஆபீசில் தொழிலுக்கான இணைப்பு கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பிடிபட்டால் அபராதம் மெஷின் விலையையே தாண்டலாம்.

5. புதுசா, பழசா, வளைகுடாவிலிருந்து வந்ததா?

பழைய இந்திய வார்ப்பிரும்பு மெஷின் நல்ல நிலையில் கிடைத்தால் அதுவே முதல் தேர்வு. வார்ப்பில் விரிசலோ பற்றவைத்த தழும்போ இருக்கக் கூடாது. டேபிளில் பிட் குத்திய குழிகள் நாலைந்து இருந்தால் பரவாயில்லை. தூணின் கீழ்ப்பாதியைத் துணியால் துடைத்துவிட்டு விரலால் தடவுங்கள். மேலாகப் படிந்த துருவை எமரி தாளில் எடுத்துவிடலாம். குழி குழியாக அரித்திருந்தால் டேபிள் சீராக ஏறி இறங்காது. விற்பவரிடம் மெஷின் எண் குறிப்பிட்ட ஒரு விற்பனைக் கடிதமும், கையெழுத்தும், ஆதார் நகலும் வாங்குங்கள். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். திருட்டுச் சாமான் என்று பின்னால் பேச்சு வந்தால் உங்களிடம் காட்ட ஏதாவது இருக்க வேண்டும்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த மெஷின்கள் கைமாறுவதுண்டு. துபாய், கத்தார், குவைத், ஓமனிலிருந்து வந்தால் அங்கும் 50 ஹெர்ட்ஸ்தான், கவலையில்லை. சவூதியில் 60 ஹெர்ட்ஸ். அந்த மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். கேட்க நமக்குச் சாதகமாகத் தோன்றும், ஆனால் கரண்டை அதிகம் இழுத்து மோட்டார் சூடேறும். தகட்டில் 50/60 என்று இரண்டும் இருந்தால் மட்டும் வாங்குங்கள், இல்லையென்றால் மோட்டார் மாற்றும் செலவைக் கழித்து விலை பேசுங்கள்.

6. மொத்தச் செலவு

நான் விசாரித்த அளவில் சுமாரான நிலவரம் இது. சிறிய 350 வாட் மெஷின் 8,000 முதல் 12,000 ரூபாய். இந்திய வார்ப்பிரும்பு 13 மி.மீ. மெஷின், மோட்டாரோடு 12,000 முதல் 20,000 ரூபாய். சில கடைகளில் சொல்லும் விலை மோட்டார் இல்லாத விலை, சக் இல்லாத விலை. “மோட்டார், சக், பெல்ட், சுவிட்ச், ஜி.எஸ்.டி. எல்லாம் சேர்த்து எவ்வளவு?” என்று ஒரே வாக்கியத்தில் கேளுங்கள். ஜி.எஸ்.டி. 18 சதவீதம். 15,000 ரூபாய் மெஷினுக்கு அதுவே 2,700 ரூபாய் கூடுதல்.

இதற்கு மேல் 4 அங்குல டிரில் வைஸ், பிட் செட், இரண்டு கிளாம்ப், கண்ணாடி, பார்சல் கூலி, எலக்ட்ரீஷியன் கூலி என்று இன்னும் 5,000 ரூபாயை ஒதுக்கி வையுங்கள். வைஸைத் தள்ளிப்போடாதீர்கள், வைஸ் இல்லாமல் முதல் ஓட்டையே போடக் கூடாது. பிட்டில் மலிவான முப்பது உருப்படி செட்டைவிட, 5, 6, 8, 10 என்று நமக்கு வேண்டிய நாலு அளவில் கோபால்ட் பிட் வாங்குவது லாபம். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு முனை 135 டிகிரி உள்ளதைக் கேளுங்கள்.

தொழிலாகச் செய்யும் எண்ணம் இருந்தால் பணம் கட்டும் முன் ராமநாதபுரம் மாவட்டத் தொழில் மையத்தில் ஒருமுறை விசாரியுங்கள். கலைஞர் கைவினைத் திட்டத்தில் பட்டியலில் உள்ள கைத்தொழில்களுக்கு, 35 வயது நிரம்பியவர்களுக்கு, 3 லட்சம் ரூபாய் வரை கடனும் அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியமும் உண்டு. உங்கள் தொழில் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே சொல்வார்கள். இப்படிப்பட்ட திட்டங்களுக்குக் கடையின் கொட்டேஷன்தான் ஆவணம். மெஷினை வாங்கிவிட்டு பில்லோடு போனால் மானியம் கிடைக்காது. சிறுதொழிலுக்கான உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் கார்டும் போதும். அரசு இணையதளத்தில் அது முழுக்க இலவசம், யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

7. கடையில் செய்ய வேண்டிய சோதனை

ஒரு பையில் இவற்றை எடுத்துப் போங்கள்: புதிய 10 மி.மீ. பிட் ஒன்று, 3 மி.மீ. பிட் ஒன்று, சைக்கிள் ஸ்போக் ஒன்று, ஒரு தாள், சென்டர் பஞ்சால் அடித்துச் சின்னக் குழி போட்ட இரும்புத் துண்டு. கோணலை முள் காட்டி அளக்கும் டயல் கேஜ் இரவல் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொள்ளுங்கள். சோதிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம்.

முதலில் ஆட்டம். கைப்பிடியைச் சுற்றி ஸ்பிண்டிலை முழுக்கக் கீழே இறக்கி, சக்கைப் பிடித்து முன்னும் பின்னும் தள்ளுங்கள். கையில் ‘கடக்’ என்று தட்டுப்பட்டால் அந்த மெஷின் வேண்டாம்.

அடுத்தது ஓட்டத்தின் நேர். 3 மி.மீ. பிட்டை மாட்டி ஓடவிட்டு, பஞ்ச் குழியின் மேல் மெல்ல இறக்குங்கள். முனை குழியில் அசையாமல் உட்கார வேண்டும். சின்ன வட்டம் போட்டால் எங்கேயோ கோணல். டயல் கேஜ் இருந்தால் 10 மி.மீ. பிட்டின் வழுவழுப்பான தண்டு வெளியே தெரியும்படி மாட்டி, சக்குக்குக் கொஞ்சம் கீழே முள்ளை வைத்து, கையால் சுற்றிப் பாருங்கள். 0.1 மி.மீ.க்குள் இருந்தால் நல்ல மெஷின், 0.2-ஐத் தாண்டினால் வேண்டாம். கோணல் சக்கிலா ஸ்பிண்டிலிலா என்று சக்கைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். சக் என்றால் புதிது மாற்றித் தருவார்கள். ஸ்பிண்டில் என்றால் அதற்கு வைத்தியம் இல்லை.

பிறகு டேபிள் மட்டம். இதற்குத்தான் ஸ்போக். பிளக்கைக் கழற்றிவிட்டு, ஸ்போக்கை எல் வடிவில் வளைத்து சக்கில் மாட்டுங்கள். நுனி நடுவிலிருந்து நாலு விரற்கடை தள்ளி டேபிளைத் தொட்டும் தொடாமலும் நிற்கட்டும். தாளை நுனிக்கு அடியில் நுழையுங்கள். லேசாகப் பிடித்து இழுக்கிற மாதிரி டேபிள் உயரத்தை வையுங்கள். இப்போது புல்லியைக் கையால் சுற்றி இடது, வலது, முன், பின் என்று நாலு இடத்திலும் அதே தாளை இழுத்துப் பாருங்கள். நாலிலும் ஒரே பிடி இருந்தால் டேபிள் சரி. இடது வலது மட்டும் மாறினால் டேபிளுக்கு அடியில் உள்ள சாய்வு போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்யலாம். முன் பின் மாறினால் பெரும்பாலான மெஷின்களில் சரிசெய்ய வழியே இல்லை. கடைக்காரர் “ஓட ஓட செட் ஆயிடும்” என்பார். ஆகாது.

கடைசியாக அதிக வேகத்தில் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். டேபிளில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தால் அதிர்வு கண்ணுக்குத் தெரியும். நிறுத்திய பிறகு மோட்டாரில் கை வைத்துப் பாருங்கள், சூடு கை பொறுக்கிற அளவில் இருக்க வேண்டும்.

8. பில், வாரண்டி, பார்சல்

ஜி.எஸ்.டி. பில்லில் மாடல் பெயரும் மெஷின் எண்ணும் இருக்க வேண்டும். “டிரில்லிங் மெஷின் 1” என்று மட்டும் எழுதிய பில் வாரண்டிக்கு உதவாது. வாரண்டி அட்டையில் கடை முத்திரையும் தேதியும் விழுந்த பிறகு கிளம்புங்கள். மோட்டாருக்குத் தனி வாரண்டி இருந்தால் அந்த அட்டையையும் கேட்டு வாங்குங்கள். மெஷினை யார் வந்து பார்ப்பார்கள், நாம் கொண்டுபோக வேண்டுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். இவ்வளவு கனத்தை மதுரைக்குத் தூக்கிப் போய்க் கொண்டுவரும் செலவில் ஒரு புதுச் சக் வாங்கிவிடலாம்.

பார்சல் சர்வீசில் அனுப்பினால் மரச் சட்டம் அடித்துத் தரச் சொல்லுங்கள். எனக்கு வந்த முதல் மெஷினில் புல்லி மூடி உடைந்திருந்தது. விற்ற கடை பார்சல்காரரைக் கைகாட்டியது, பார்சல்காரர் கடையைக் கைகாட்டினார். ரசீதில் “உடைந்த நிலையில் பெற்றேன்” என்று எழுதிக் கையெழுத்திட்டதுதான் என்னைக் காப்பாற்றியது, மூடியை மாற்றிக் கொடுத்தார்கள். நீங்களும் பெட்டியைப் பிரித்துப் பார்த்து, போட்டோ எடுத்து, அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள். பார்சல் ரசீது, பில், போட்டோ மூன்றையும் ஒன்றாக வைத்திருங்கள். பேச்சு முறிந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் கொடுக்க வேண்டும்.

9. எந்த மாதத்தில் வாங்கலாம்?

ஜனவரி முதல் மார்ச் வரை நல்ல காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, பெட்டி நனைந்து வந்தால் திறக்கும்போதே டேபிள் சிவந்திருக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையேறி மராமத்து நடக்கும். லேத் பட்டறைக்காரர், வெல்டர், மோட்டார் வைண்டிங்காரர் யாரையும் பிடிக்க முடியாது. பழைய மெஷின் வாங்கி பேரிங் மாற்றும் எண்ணம் இருந்தால் அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

10. பொருத்துவதும் முதல் ஓட்டையும்

கனமான மேசையில் அல்லது சிமெண்ட் திட்டில், நாலு போல்ட் போட்டு முடுக்குங்கள். போல்ட் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும். சக் மாட்டும் முன் ஸ்பிண்டிலின் கூம்பையும் சக்கின் குழியையும் பெட்ரோல் நனைத்த துணியால் கிரீஸ் போகத் துடைக்க வேண்டும். கம்பெனியில் துருவுக்காகத் தடவிய கிரீஸ் அங்கே இருந்தால், ஓடும்போது சக் கழன்று விழும். சக்கின் தாடைகளை உள்ளே இழுத்துவிட்டு, மரச் சுத்தியலால் கீழிருந்து ஒரு தட்டு தட்டினால் போதும்.

பட்டி நீளமாக இருந்தால் அதன் ஒரு முனை தூணின் இடது பக்கத்தில் முட்டி நிற்கும்படி வையுங்கள். பிட் கவ்விக்கொண்டாலும் பட்டி சுற்றி வந்து வயிற்றில் அடிக்காது. கையுறை போடக் கூடாது. கைலி கட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்கக் கூடாது, முழுக்கால் சட்டையும் மடித்த கையுமாக நில்லுங்கள். நீள முடியைக் கட்டிவிடுங்கள், துப்பட்டாவைக் கழற்றி வையுங்கள். சக் சாவி வேலை முடிந்த நொடியே கொக்கிக்குப் போக வேண்டும். பைபரில் (கண்ணாடியிழையில்) ஓட்டை போடும்போது முகக்கவசம் கட்டாயம், அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

ஸ்டெயின்லெஸ்ஸில் கட்டிங் ஆயில் விட்டு, குறைந்த வேகத்தில், விடாமல் அழுத்துங்கள். சுருள் நீளமாக வந்துகொண்டிருந்தால் வெட்டுகிறது. பொடியும் புகையும் வந்தால் உடனே நிறுத்தி பிட்டைப் பாருங்கள்.

11. உப்பிலிருந்து காப்பது

2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் கம்பிகளும் உயர்ரகப் பாதுகாப்புப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அதே காற்றுதான் உங்கள் பட்டறைக்குள்ளும் வருகிறது. மெஷினில் பெயிண்ட் இல்லாத இடங்கள் நாலு: டேபிள் மேற்பரப்பு, தூண், சக், ஸ்பிண்டில். துரு பிடிப்பதும் அந்த நாலில்தான்.

மெஷினை ஜன்னலுக்கு எதிரில் வைக்காதீர்கள். கச்சான் (தென்மேற்குக் காற்று) அடிக்கும் மாதங்களில் தென்கடல் பக்கத்து ஜன்னல் வழியாகவும், வாடை வீசும்போது வடகடல் பக்கத்து ஜன்னல் வழியாகவும் உப்பு வரும். பாம்பன், தங்கச்சிமடத்தில் இருப்பவர்களுக்கு இரண்டு பக்கமும் கடல். அவர்கள் உள்சுவரை ஒட்டி வைப்பதே நல்லது.

பிளாஸ்டிக் தாளைப் போர்த்தி மூடுவது நம் பக்கத்தில் பலர் செய்யும் தவறு. இரவில் உள்ளே வியர்த்து, அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் டேபிளிலேயே நிற்கும். கனமான காட்டன் துணியில் உறை தைத்துப் போடுங்கள். உறையைப் போடும் முன், தினமும் வேலை முடிந்ததும் இரும்புச் சுருளைப் பிரஷ்ஷால் தள்ளிவிட்டு, கை வியர்வை பட்ட இடத்தையெல்லாம் எண்ணெய்த் துணியால் ஒரு முறை துடையுங்கள். மெல்லிய ஸ்பிரே எண்ணெய் இரண்டு நாளில் காய்ந்துவிடும், இன்ஜின் ஆயில் தடவினால் நிற்கும். தூணுக்கு கிரீஸ் வேண்டாம், மணல் ஒட்டிக்கொண்டு டேபிள் ஏறி இறங்கும்போது கீறும். அங்கே மெழுகு தேய்த்துத் துணியால் பளபளப்பாக்கிவிட்டால் ஒரு மாதம் தாங்கும். சக்கின் தாடைகளுக்கு வாரம் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, முழுக்கத் திறந்து மூடுங்கள்.

பிட்களை மெஷின் பக்கத்தில் திறந்து வைக்காதீர்கள். எண்ணெய் தடவி, மூடி இறுகும் டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். ஊருக்குப் போய் ஒரு வாரம் திரும்ப மாட்டீர்கள் என்றால் பெல்ட்டைத் தளர்த்திவிட்டு, டேபிளில் எண்ணெய் கொஞ்சம் கனமாகவே தடவி, அதன் மேல் பழைய செய்தித்தாளை ஒட்டவிட்டு, பிளக்கைக் கழற்றிவிட்டுப் போங்கள்.